லைன் பிளாக் அழகியல்

என்னைப் பாராட்டி எழுதியதற்காக ஒருவரோடு சண்டைக்குப் போவது அநாகரிகம்தான். ஆனாலும் எனக்கு வேறு வழி தெரியவில்லை. சென்ற இதழில் நண்பர் ஒருவர், தமிழ்ச் சூழலில் உருவப்படம் பற்றி எழுதிய கட்டுரையில், வேறொரு சிற்றிதழில் வெளியான என் படம் ஒன்றை எடுத்துக்கொண்டு, கோட்டின் வலிமைக்கு அது ஓர் அபூர்வ உதாரணம் என்று ஒரு பத்தி முழுக்கச் சிலாகித்திருக்கிறார். படம், திருச்சியில் பல சிற்றிதழ்களுக்கு அச்சுக் கோர்த்த ஒரு கம்பாஸிடருடையது. அவர் இறந்த பிறகு வந்த சிறு குறிப்போடு அது அச்சாயிற்று. பாதி முகத்தைக் கறுப்புக்கே கொடுத்துவிட்ட துணிச்சல், ஒரே வெட்டில் இறங்கும் தாடை, தயக்கமே இல்லாத கண் என்று நண்பர் அடுக்குகிறார். இவற்றில் ஒன்றையும் நான் வரையவில்லை. அந்தப் படத்தில் கோடே கிடையாது. அது கரியில் வரைந்தது. நான் அனுப்பியதை இதழ்க்காரர்கள் கணினியில் ஏற்றி, சாம்பல் நிறமெல்லாம் அச்சில் அழுக்காகத் தெரியும் என்று பயந்து, கறுப்பும் வெள்ளையும் மட்டும் மிஞ்சும்படி ஒரு பொத்தானைத் தட்டியிருக்கிறார்கள். பாதிக்கு மேல் கறுத்திருந்ததெல்லாம் கறுப்பு. அதற்குக் குறைந்ததெல்லாம் வெள்ளை. நண்பர் புகழ்ந்திருப்பது அந்தப் பொத்தானை.

என் படம் கெட்டுப்போனது பெரிய விஷயமில்லை. கெட்டுப்போனதை ஒரு நல்ல ரசிகர், ஓவியம் பார்க்கத் தெரிந்தவர், சிகரம் என்று சொல்லும்படி நம்முடைய ரசனை எப்படிப் பழக்கப்பட்டது என்பதுதான் என் கேள்வி. அவர் வாதத்தைச் சுருக்கினால் இப்படி வரும்: கோடு என்பது முடிவு. கை தயங்கினால் கோடு காட்டிக்கொடுத்துவிடும். ஆகவே கோடு அறிவின் சாதனம், நவீனம். கரி குழைவது, மழுப்புவது, உணர்ச்சிவசப்படுவது. ஓவியப் பள்ளி மாணவன் கை பழகுவதற்கு வைத்திருக்கும் சமாசாரம். தமிழ்ச் சிற்றிதழ் கோட்டைத் தேர்ந்தெடுத்தது அதன் அழகியல் பிரக்ஞையால்.

தேர்ந்தெடுத்தது! இந்த வார்த்தைதான் என்னை எழுத உட்கார வைத்தது.

லைன் பிளாக்கைக் கண்ணால் பார்த்திராத இளைஞர்களுக்காகச் சொல்கிறேன். படத்தைப் புகைப்படம் எடுத்து, அந்த நெகட்டிவ் வழியே துத்தநாகத் தகட்டின் மேல் ஒளியைப் பாய்ச்சி, தகட்டை அமிலத்தில் அரிப்பார்கள். மை பட வேண்டிய இடம் மேடாக நிற்கும். மற்ற இடம் பள்ளமாகும். மேடு அல்லது பள்ளம், நடுவில் ஒன்றும் கிடையாது. தகட்டை மரக்கட்டையில் அடித்து, எழுத்தின் உயரத்துக்குக் கொண்டுவந்து, ஃபாரத்தில் எழுத்துகளோடு சேர்த்து முடுக்கினால் அச்சுக்குத் தயார். சாம்பல் வேண்டுமென்றால் ஹாஃப்டோன் பிளாக் எடுக்க வேண்டும்: படத்தை ஒரு வலைத்திரை வழியே புள்ளிகளாகப் பிரிப்பது. நல்ல ஆர்ட் பேப்பர் அங்குலத்துக்கு 120, 133 வரிசைப் புள்ளிகளைத் தாங்கும். நாம் வாங்கிய சொரசொரத்த தாளில் 55, 65 வரிசைக்கு மேல் போனால் புள்ளிகளின் இடுக்கில் மை அடைத்துக்கொள்ளும். அறுபத்தைந்திலேயே முகம் அம்மை போட்ட முகமாகத்தான் வரும். இது அந்தக் கம்பாஸிடர் சொன்னது. அவர் கைப்பட ஏற்றி இறக்கிய பிளாக்குகளின் ஞானம். ஹாஃப்டோனுக்குக் கூலி அதிகம், அதற்கேற்ற தாளுக்கு விலை அதிகம், டிரெடிலில் ஓட்டுகிறவர் மையைப் பார்த்துப் பார்த்துப் போட வேண்டும். முந்நூறு பிரதி அச்சடித்து, நூறு பிரதிக்குச் சந்தா வந்து, மிச்சத்தைப் பரணில் போட்ட ஆசிரியர்கள் என்ன செய்வார்கள்? ஓவிய நண்பரிடம் போய், கோட்டில் போட்டுக் கொடுங்கள் என்றார்கள். அவரும் போட்டுக் கொடுத்தார். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மனைவியின் நகையை அடகு வைத்து இதழ் நடத்தியவர்களை ஹாஃப்டோன் ஏன் போடவில்லை என்று கேட்கிற அயோக்கியத்தனம் என்னிடம் இல்லை.

வெட்கப்பட வேண்டியது பிறகு நடந்ததற்கு. அரிசி இல்லாத நாளை ஏகாதசி என்று சொல்லிக்கொள்வது ஒரு குடும்பத்தின் மானம். அதில் அழகு கூட உண்டு. ஆனால் கலம் நிரம்பிய பின்னும் அடுப்பு மூட்டாமல் உட்கார்ந்துகொண்டு, பசி எங்கள் தத்துவம் என்று அண்டை வீட்டானுக்கு உபதேசம் செய்தால்? லெட்டர்பிரஸ் போய் ஆஃப்செட் வந்தது. ஆஃப்செட்டுக்குப் பின் கணினி அச்சு வந்தது. ஒரு படத்தின் நூறு சாம்பல் படிகளையும் அச்சிட இன்று தனியாகப் பைசா செலவில்லை. ஆனாலும் நமக்குப் பொத்தானைத் தட்டத் தோன்றுகிறது. பிளாக் மேக்கர் போய்விட்டார். அவருடைய ரசீது நம் அழகியலாக உட்கார்ந்துவிட்டது.

இங்கே ஆதிமூலத்தை இழுப்பார்கள் என்று எனக்குத் தெரியும். இழுக்கட்டும். துறையூர்ப் பக்கம் கீரம்பூரில் 1938இல் பிறந்தவர். எங்கள் ஜில்லாக்காரர் என்ற பெருமை எனக்கும் உண்டு. 1969, காந்தி நூற்றாண்டை ஒட்டி அவர் பேனா மையில் வரைந்த காந்தி வரிசை, ஏறத்தாழ நூறு படங்கள், தமிழில் முகம் வரைதல் என்ற காரியத்தையே இன்னொரு தளத்துக்குக் கொண்டுபோனது. அவற்றைத் திரும்ப எடுத்துப் பாருங்கள், நண்பர் சொல்கிற 'முடிவு' அவற்றில் எங்கே இருக்கிறது? கோடு கோட்டின் மேல் ஏறுகிறது, நெருங்கி இருளாகிறது, கலைந்து ஒளியாகிறது. கன்னத்தின் ஓரம் எங்கே முடிகிறது என்று கோடு சொல்ல மறுக்கிறது. அதே கிழவரை இவ்வளவு தடவை ஒருவன் வரைகிறான் என்றால் ஒரு தடவையும் முடிவுக்கு வரவில்லை என்றுதான் அர்த்தம். ஆதிமூலம் பிளாக்குக்காகக் கோடு போட்டவரில்லை. பேனாவைக் கொண்டு கரியின் காரியத்தைச் செய்தவர் என்றே சொல்வேன்; பிளாக் தற்செயலாக அவருக்கு ஒத்துழைத்தது. 2008இல் அவர் போனபின் அவர் பேரைச் சொல்லி நாம் வைத்துக்கொண்டது அந்தத் தேடலை இல்லை. மூன்று சுழி போட்டால் தாடி, இரண்டு வட்டம் போட்டால் கண்ணாடி, ஒரு வீச்சு போட்டால் நெற்றியில் விழும் முடி. இறந்த எழுத்தாளர் ஒவ்வொருவருக்கும் அட்டையில் இந்த மூன்றையும் வெவ்வேறு விகிதத்தில் கலந்து ஒரு முகம். பார்த்தவுடன் யார் என்று தெரிகிறது. தெரிந்த மாத்திரத்தில் பார்ப்பது நின்றுவிடுகிறது.

இந்த வியாபாரம் திருச்சிக்குப் புதிதும் இல்லை. 19ஆம் நூற்றாண்டில் காக்காப்பொன் தகட்டில், மைக்காவில், படம் வரைவதற்குத் திருச்சிராப்பள்ளி பேர்போன ஊர். கும்பினி உத்தியோகஸ்தர்களும் பட்டாளத்து வெள்ளையர்களும் ஊருக்கு எடுத்துப்போக வாங்கிய ஞாபகப் பொருள்கள்: தொழிலுக்கு ஒன்று, ஜாதிக்கு ஒன்று என்று கட்டுக்கட்டாக. லண்டன் மியூசியங்களில் இன்றும் இருக்கின்றன. நிறம் அபாரம், நான் பழிக்கவில்லை. ஆனால் முகத்தை விட்டு உடையையும் கையிலிருக்கும் கருவியையும் பார்த்துத்தான் ஆளைச் சொல்ல முடியும். மைக்காப் படங்களில் இன்னொரு வகை உண்டு. தலை மட்டும் ஓர் அட்டையில் வரைந்திருக்கும். ஒளி ஊடுருவும் தகடுகளில் வெவ்வேறு உடைகள், முகத்தின் இடம் மட்டும் காலி. தகட்டை மாற்றி மாற்றி மேலே வைத்தால் அதே தலை சிப்பாயாகும், பூசாரியாகும், தண்ணீர் சுமப்பவனாகும். நம் அட்டைப் படங்களைச் செய்கிறவர்கள் இந்த விளையாட்டைத் திருப்பிப் போட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். தாடியும் கண்ணாடியும் தகட்டில் தயார், முகம் காலி.

படத்தோடு நின்றால் பரவாயில்லை. நாம் ஒருவரைப் பற்றி ஒருவர் எழுதுவதும் இந்த பிளாக்கில்தான். ஒருவர் என்றால் தனிமை, இன்னொருவர் என்றால் கிண்டல், மூன்றாமவர் என்றால் குடி. அஞ்சலிக் கட்டுரை எழுத உட்கார்ந்தவுடன் கை தானாகவே அந்த ஒற்றைக் கோட்டைத் தேடுகிறது. இருபது வருஷம் கூடவே டீ குடித்த மனிதனுக்கு நாம் செய்யும் மரியாதை அவனை அடையாளம் காட்டுவது. அடையாளச் சீட்டில் இருக்கிற அளவுக்கு.

நண்பர் தரப்பில் ஒரு பலமான வாதம் இருக்கிறது. அவரே அதைச் சரியாகச் சொல்லாததால் நான் சொல்லிவிடுகிறேன். 1850இல் சென்னையில் அலெக்ஸாண்டர் ஹண்டர் தொடங்கிய கலைப்பள்ளியிலிருந்து, நம்மூர்ப் பையன்களை பிளாஸ்டர் சிலைகளுக்கு முன்னால் உட்கார்த்தி நிழலும் வெளிச்சமும் பழக வைத்த பரம்பரை ஒன்று உண்டு. கரி அந்த வகுப்பின் சாதனம். அதை உதறிவிட்டுத்தான், பணிக்கரும் அவரைச் சுற்றி வளர்ந்தவர்களும் கோட்டுக்கு வந்தார்கள். சுவரிலும் துணியிலும் ஓலையிலும் நமக்கிருந்த கோடு அவர்களுக்குச் சொந்த மண்ணாகத் தெரிந்தது. அந்தத் தேவையை நான் மறுக்கவில்லை. ஆனால் பிளாஸ்டர் மூக்கின் நிழலைத் தேய்க்கச் சொன்ன வாத்தியாருக்காகக் கரியையே அந்நியன் என்று தள்ளுவது என்ன நியாயம்? கலம்காரி வரைகிறவன் துணியில் முதன்முதலாகப் போடுவது புளியங்குச்சிக் கரியில்தான். அதன்மேல் கலம் ஓடியதும் கரி தட்டிப்போகும், அலம்பிப்போகும். நம் மரபில் கரி இருந்தது. சமையலறையில் கரித்துணி போல இருந்தது, கூடத்துக்கு வர அனுமதியில்லாமல். ஏன் கூடாது என்று கேட்கிற வேலையை நவீன ஓவியன் செய்திருக்க வேண்டும்.

கூடத்துக்கு வந்த கரி ஒன்றும் உண்டு. நண்பருக்குக் கரி மேல் இருக்கும் வெறுப்பு அங்கேதான் பிறந்திருக்கும், எனக்கும் அங்கேதான் பிறந்தது. ஸ்ரீரங்கத்தில் எந்த வீதியிலும் ரேழியைத் தாண்டினால் சுவரில் பார்க்கலாம்: சந்தன மாலை போட்ட பெரியவர்கள். குரூப் போட்டோவிலிருந்தோ ரேஷன் கார்டு சைஸ் படத்திலிருந்தோ எடுத்து, கட்டம் போட்டு, கட்டத்துக்குக் கட்டம் பெரிதாக்கி, கரித்தூளைப் பஞ்சாலும் ஸ்டம்பாலும் தேய்த்துத் தேய்த்து மெழுகுப் பொம்மை மாதிரி ஆக்கிய முகங்கள். என் அப்பா இறந்து பத்தாவது நாளுக்குள் அப்படி ஒன்று வந்து சேர்ந்தது. நெற்றி, காது, திருமண், எல்லாம் அளவு பிசகாமல். அம்மா அதற்கு முன்னால் நின்று ரொம்ப நேரம் பார்த்தாள். "இவர் யாரைப் பாத்துண்டிருக்கார்?" என்று கேட்டாள். யாருக்கும் பதில் தெரியவில்லை. வரைந்தவரைக் குறை சொல்ல மாட்டேன். அவர் பார்த்தது தபால்தலையளவு காகிதத்தை. அதைப் பிசகாமல் கொடுத்தார். ஆனால் கரிக்கு அதைவிடப் பெரிய அவமானம் கிடையாது: கரியே தெரியாதபடிக்குக் கரியைத் தேய்ப்பது.

ஆக, ஒரு பக்கம் தாடி-கண்ணாடிக் கோடு. இன்னொரு பக்கம் மெழுகுக் கரி. இரண்டும் சண்டைக்காரர்கள் மாதிரித் தோன்றினாலும் ஒரே ஆசாமிகள். இரண்டுக்கும் முகம் என்பது ஏற்கெனவே முடிந்துபோன சங்கதி.

எங்கள் ஊரில் இந்த விஷயத்தை ரொம்ப காலம் முன்பே யோசித்திருக்கிறார்கள் என்று எனக்கு ஓர் எண்ணம். ராமாநுஜருக்கு மூன்று திருமேனிகளை வைஷ்ணவ மரபு சொல்லும். திருநாராயணபுரத்தில், மேல்கோட்டையில், இருப்பது தமர் உகந்த திருமேனி. பிரிவைத் தாங்காத சிஷ்யர்களுக்காக ஏற்பட்டது. ஸ்ரீபெரும்புதூரில் தான் உகந்த திருமேனி, அவரே தழுவிக்கொடுத்தது. ஸ்ரீரங்கத்தில் தானான திருமேனி, அவரே. நம்பிக்கை உள்ளவர்களுக்கு அது சந்நிதி. எனக்கு அதோடு உருவப்படக் கலையின் பாகுபாடாகவும் தெரிகிறது. பந்துக்கள் உகக்கும்படி ஒரு முகம். உட்கார்ந்தவரே உகக்கும்படி ஒரு முகம். உலகத்தில் பணம் கைமாறிய உருவப்படங்களில் பெரும்பாலானவை இந்த இரண்டுக்குள் அடங்கிவிடும். மூன்றாவதுதான் கஷ்டம். அந்தத் திருமேனி கூட அப்படியே இருந்துவிடவில்லை என்பதைக் கவனியுங்கள்: வருஷத்துக்கு இரண்டு முறை பச்சைக்கற்பூரமும் குங்குமப்பூவும் சாத்துகிறார்கள். தானாகவே இருப்பதற்கும் திரும்பத் திரும்பக் கை பட வேண்டியிருக்கிறது.

(கரி என்றவுடன் ஓயாமாரிச் சுடுகாட்டைக் கொண்டுவந்து நிறுத்தத் துடிக்கும் கவிஞர்களை இந்த இடத்தில் கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன். வேண்டாம். எரிந்த மரம், எரிந்த உடல், சாம்பல் என்று முப்பது கவிதை ஏற்கெனவே வந்துவிட்டது. கரி ஒரு பொருள். அதன் வேலையைப் பார்ப்போம்.)

பொருள் என்றால் இப்படி: சுண்டுவிரல் நீளத்துக்குப் புளியங்குச்சிகளை வெட்டி, பட்டையை உரித்து, ஒரு பழைய தகர டப்பாவில் நெருக்கி அடுக்கி, மூடியில் ஆணியால் ஒரு துவாரம் போட்டு நெருப்பில் வைக்கிறேன். துவாரத்தில் முதலில் வெள்ளைப் புகை, பிறகு எரியும் வாயு. புகை நின்றதும் எடுத்துவிட வேண்டும். ஆறும்வரை திறக்கக் கூடாது. அவசரப்பட்டுத் திறந்தால் காற்றுப் பட்டுக் குச்சி பற்றிக்கொள்ளும், மிஞ்சுவது சாம்பல். இப்படிக் கிடைக்கும் கரியில் பிசின் கிடையாது, எண்ணெய் கிடையாது. தாளோடு அதை ஒட்டவைக்க ஒன்றுமே இல்லை. தாளின் சொரசொரப்பில் தூளாகத் தங்கியிருக்கிறது, அவ்வளவுதான். ஊதினால் போகும். உள்ளங்கை பட்டால் போகும். ஆனால் முழுக்கப் போகாது. கரியின் சமாசாரமெல்லாம் இந்த 'ஆனால்'-இல் இருக்கிறது. பென்சிலை அழித்தால் குற்றத்தை மறைத்தது போல ஒரு பள்ளம் மிஞ்சும். மையை அழிக்கவே முடியாது. கரியைத் துணியால் தட்டினால் போட்டது போய், போட்டதன் நினைவு ஒரு சாம்பல் மூட்டமாக நிற்கிறது. அதன்மேல் அடுத்ததைப் போட வேண்டும். வேறு இடம் இல்லை.

அந்தக் கம்பாஸிடர் நான்கு காலைகள் எனக்காக உட்கார்ந்தார். பாலக்கரையில் அவர் வீட்டு வாசல் திண்ணை. அவர் வேலை பார்த்த அச்சகம் எப்போதோ மூடிவிட்டது. அந்த இடத்தில் செல்போன் கடை. முகத்தில் முதலில் என்னைச் சிக்க வைத்தது கண். ஐம்பது வருஷம் ஈய எழுத்தைத் தலைகீழாக, இடம்வலம் மாறிப் படித்த கண். யாரைப் பார்த்தாலும் தலையைக் கொஞ்சம் சாய்த்து, எதிராளியை நிமிர்த்திப் படிப்பது போலப் பார்ப்பார். முதல் நாள் நான் போட்டது அந்தச் சாய்வை மட்டும்தான். வந்துவிட்டது என்று நினைத்தேன்.

இரண்டாம் நாள் பல்செட் இல்லாமல் வந்து உட்கார்ந்தார். ஈறு வலி. முகத்தின் கீழ்ப்பாதி வேறு மனிதருடையது. தாடை மேலேறி, உதடு உள்ளே போய், கன்னத்தில் குழி. பேனாவாக இருந்தால் வேறு தாள் எடுத்திருப்பேன். இரண்டு படம் கிடைத்திருக்கும், இரண்டும் முடிவானவை. கரியாக இருந்ததால் வாயைத் துணியால் தட்டினேன். நேற்றைய தாடை நிழலாக நின்றது, இன்றைய தாடை அதற்குள்ளே ஏறி உட்கார்ந்தது. மூன்றாம் நாள் பேச ஆரம்பித்துவிட்டார். பேசுகிறவருக்கு வாய் ஓரிடத்தில் இருக்காது. ஒரு இதழாசிரியர் ஃபாரம் முடுக்கிய பிறகு வந்து கவிதையில் ஒரு வார்த்தையை மாற்றச் சொன்னதையும், மாற்றியபின் பழையதே தேவலை என்று திரும்ப மாற்றச் சொன்னதையும், கோபம் இல்லாமல் சொன்னார். நான் போட்டும் தட்டியும் அந்த வாயின் இடம் மழைக்கால வானம் மாதிரி ஆகிவிட்டது. அதற்குள்ளிருந்து ரொட்டித்துண்டால் ஒரே ஓர் ஒளியை எடுத்தேன், கீழுதட்டின் ஈரம். சேர்த்துச் செய்வதும் எடுத்துச் செய்வதும் ஒரே கையில், ஒரே முகத்தில் நடக்கிறது. நடந்தது தெரியவும் தெரிகிறது. தயக்கம் என்று நண்பர் சொல்வது இதைத்தான் என்றால், ஆம், தயக்கம். உயிரோடிருக்கும் ஒரு முகத்தின் முன்னால் தயங்காத கையை நான் நம்புவதில்லை.

நான்காம் நாள் ஒன்றும் செய்யவில்லை. காதைக் கொஞ்சம் அடக்கினேன்.

படத்தைக் காட்டினேன். கையை வேட்டியில் துடைத்துக்கொண்டுதான் வாங்கினார். முகத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. தள்ளிப் பிடித்து, கிட்டே பிடித்து, தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இது லைன்ல வராது சார்."

தமிழில் கரிச்சித்திரம் பற்றி எனக்குக் கிடைத்த ஒரே விமர்சனம் அது. அவர் இறந்தபின் அதே படத்தை லைனில் போட்டுவிட்டார்கள். ஆயுள் முழுக்க மற்றவர்கள் எழுத்தைப் பிழையில்லாமல் கோர்த்துக் கொடுத்த மனிதருக்கு நம் அச்சு செய்த பிரதி உபகாரம்.

வெளியே இதை எப்படிச் செய்திருக்கிறார்கள் என்று இரண்டு உதாரணம் மட்டும் சொல்கிறேன். கேதே கோல்விட்ஸ் 1933இல் கரியில் தன்னையே வரைந்த படம். பக்கவாட்டு முகம், வரைந்துகொண்டிருக்கும் கை. முகத்தையும் கையையும் பொறுமையாகக் கட்டியிருக்கிறார். இரண்டுக்கும் நடுவே இருக்கும் புஜம்? நாலைந்து மூர்க்கமான கிழிப்புகள், மின்னல் மாதிரி மடங்கி மடங்கி. அந்த வருஷம்தான் நாஜிகள் அவரைப் பிரஷ்யக் கலை அகாதமியிலிருந்து வெளியேற்றினார்கள். புஜத்தின் வடிவம் அங்கே இல்லை. கண்ணிலிருந்து கைக்குப் போகும் வேகம் இருக்கிறது. உணர்ச்சி என்று ஒதுக்கிவிடலாம்தான். ஆனால் எதை முடிக்க வேண்டும், எதை முடிக்கக் கூடாது என்று அதில் இருக்கும் அறிவு நம் அட்டைப்படக் கோடுகள் அத்தனையிலும் சேர்த்து இல்லை. இன்னொருவர் ஃபிராங்க் அவர்பாக். 1931இல் பெர்லினில் பிறந்து 1939இல் குழந்தையாக இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டவர். பெற்றோரை நாஜிகள் கொன்றார்கள். 1950களிலும் 60களின் தொடக்கத்திலும் அவர் வரைந்த கரித்தலைகளில் ஒவ்வொரு அமர்விலும் முழு முகத்தையும் துடைத்துவிட்டு மறுபடி தொடங்கியிருக்கிறார், மாதக்கணக்கில். தாள் தேய்ந்து கிழிந்திருக்கிறது; பின்னால் ஒட்டுப்போட்டு மேலே வரைந்திருக்கிறார். ஒட்டு தெரிகிறது. 2024இல் லண்டன் கோர்ட்டால்டில் அவற்றை ஒன்றாக மாட்டினார்கள்; அந்த வருஷக் கடைசியில் அவரும் போய்விட்டார். அவற்றை நேரில் பார்க்கும் பாக்கியம் எனக்கு இல்லை, அச்சில்தான் பார்த்தேன். அச்சிலேயே அந்த ஒட்டு தெரிகிறது. ஆகவே கரியை அச்சில் கொண்டுவர முடியாது என்று யாரும் இனி என்னிடம் சொல்ல வேண்டாம்.

இன்று யார் கையிலும் இருக்கும் போனில் கரிச்சித்திரம் என்று ஒரு ஃபில்டர் இருக்கிறது. போட்டோவைக் கொடுத்தால் ஒரு நொடியில் தூள் பறக்கும், சொரசொரப்பெல்லாம் தத்ரூபம். அழித்த இடம் மட்டும் இருக்காது, அழிக்க ஒன்றும் நடக்கவில்லையே. இதழாசிரியர்கள் அடுத்து அதைத்தான் போடப்போகிறார்கள் என்பது என் ஜோசியம். அப்போது நண்பர் எழுதுவார், தமிழ்ச் சிற்றிதழ் கரியைத் தேர்ந்தெடுத்துவிட்டது என்று.

படத்தின் மூலம் இப்போது அவர் மகள் வீட்டில் இருக்கிறது. நான் ஃபிக்ஸட்டிவ் அடிக்காமல் கொடுத்துவிட்டேன். அவலரக்கும் ஸ்பிரிட்டும் கலந்து ஊதினால் கரியின் மேல்படலம் அடங்கிக் கறுத்துவிடும் என்று மனசு வரவில்லை. நடுவில் இடைவெளி விட்டுச் சட்டம் போடச் சொல்லவும் மறந்துபோனேன். கண்ணாடியைத் தாள் மேலேயே வைத்து மாட்டியிருக்கிறார்கள். போன மாசம் போனபோது பார்த்தேன், கண்ணாடியின் உட்பக்கத்தில் கரி ஏறி, தாளில் இருக்கும் முகத்துக்கு முன்னால் மெலிசாக இன்னொன்று நிற்கிறது, ஒரு மயிரிழை விலகி. "கண்ணாடியைக் கழட்டித் தொடச்சிரவா சார்?" என்று மகள் கேட்டார். இருக்கட்டும் அம்மா என்றேன்.

நண்பர் திருச்சிக்கு வந்தால் அழைத்துப்போகிறேன். காலையில் வரவேண்டும். மத்தியானத்துக்கு மேல் எதிர் ஜன்னல் வெயில் கண்ணாடியில் அடிக்கும். சாயங்காலம் டியூப்லைட் போட்டுவிடுவார்கள், அப்புறம் ஒன்றும் தெரியாது.